ஒரே மாலையில் பிடிபட்ட இருவர்: முதல்முறை கஞ்சா வழக்கில் சிகிச்சை வழியும் அபராத வழியும்

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில், பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்கள் இருவர் ஒரே பைக்கில் வந்துகொண்டிருந்தபோது வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்டார்கள். வண்டியை ஓட்டியவரின் சட்டைப்பையில் 35 கிராம் கஞ்சாவும், பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் 10 கிராமும் இருந்ததாக மகஜர், அதாவது காவல்துறையின் கைப்பற்றல் பதிவு, சொல்கிறது. இருவர் மீதும் ஒரே குற்ற எண், ஒரே பிரிவு. இருவருக்கும் அதுவே முதல் வழக்கு. பத்து மாதங்கள் கழித்து, 35 கிராம் வைத்திருந்தவர் மீதான வழக்கு நடவடிக்கை, குற்றத் தீர்ப்பு எதுவும் இல்லாமல் நிறுத்தப்பட்டது. 10 கிராம் வைத்திருந்தவரின் வழக்கோ முதல் வாய்தாவிலேயே, அரை மணி நேரத்துக்குள், 2,000 ரூபாய் அபராதத்துடன் முடிந்திருந்தது. கஞ்சாவுக்கு அடிமையாகாத, மொத்தமாகவே ஐந்தாறு முறை மட்டும் புகைத்திருந்த அந்த இரண்டாமவர்தான் இன்று அரசு ஆவணங்களில் தண்டிக்கப்பட்டவர்.

குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் ‘எதிரி’ என்பார்கள். 35 கிராம் வைத்திருந்த முதல் எதிரிக்காக, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் என்ற முறையில் நான் ஆஜரானேன். இரண்டாம் எதிரிக்கு அவருடைய குடும்பத்தார் வேறொரு வழக்கறிஞரை அமர்த்தியிருந்தார்கள். ஊர், கல்லூரி, நீதிமன்றம், மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்களை இங்கே சொல்லப்போவதில்லை. இந்த இருவரின் கதையும் அவர்களுடையது மட்டுமாக இல்லாமல், எங்கள் மாவட்டத்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் வாரந்தோறும் நடப்பதாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிரிவு 20, பிரிவு 27

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், அதாவது நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்று சொல்லும் சட்டம், 2001-இல் திருத்தப்பட்டபோது பொருளின் எடையைப் பொறுத்துத் தண்டனையை மூன்று படிகளாகப் பிரித்தது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்டது நடுத்தர அளவு. ஹெராயினில் சிறிய அளவின் எல்லை 5 கிராம். கொக்கெயினிலும் மெத்தாம்ஃபெட்டமினிலும் 2 கிராம். கலப்படம் செய்யப்பட்ட பொடியில் தூய போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்காமல் மொத்தக் கலவையின் எடையையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்ததால், மலிவான கலப்பட ஹெராயின் ஆறு கிராம் வைத்திருப்பவர், உள்ளே தூய பொருள் ஒரு கிராம்கூட இல்லாவிட்டாலும், சிறிய அளவுக்குரிய வழிகள் எல்லாவற்றையும் இழந்துவிடுகிறார். கஞ்சா வழக்கில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. நம் இருவர் வைத்திருந்ததும் ஐயத்துக்கு இடமில்லாத சிறிய அளவு. அதற்கு 20(பி)(2)(ஏ) பிரிவின்கீழ் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டதற்கான தண்டனையைச் சொல்கிறது. கஞ்சா என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பார்த்தால் இரண்டு பிரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லாததுபோல் தோன்றும். வேறுபாடு 33-ஆம் பிரிவில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், இந்தச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்படுபவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவராக இருந்தாலோ, குற்றம் 26 அல்லது 27-ஆம் பிரிவுக்குரியதாக இருந்தாலோ ஒழியப் பொருந்தாது என்று அந்தப் பிரிவு தடுத்துவிடுகிறது. ஒருவர் புகைத்துக்கொண்டிருக்கும்போது பிடிபட்டு 27-இல் வழக்குப் பதிவானால், நீதித்துறை நடுவர் அவரைக் கண்டித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விட்டுவிடலாம். நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, அந்தத் தீர்ப்பால் அவருக்குத் தகுதியிழப்பு எதுவும் வராது. புகைப்பதற்காகச் சட்டைப்பையில் வைத்திருக்கும்போது பிடிபட்டு 20-இல் வழக்குப் பதிவானால், அந்த வழி அப்படியே மூடிக்கொள்கிறது. புகைத்தவருக்குக் கிடைக்கும் சலுகை, புகைக்க இருந்தவருக்குக் கிடையாது. எந்தப் பிரிவு என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பது, இரவு பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைத் தட்டச்சு செய்பவர்தான்.

நன்னடத்தைச் சட்டத்தையும் நான் மிகைப்படுத்தவில்லை. அதன் 12-ஆம் பிரிவு, தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பை நீக்குமே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பை அழிக்காது. துறைரீதியான நடவடிக்கையையும் தடுக்காது. உச்ச நீதிமன்றம் 1990-இல் பக்ஷி ராம் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது.

சட்டம் திறந்துவைத்திருக்கும் இரண்டு கதவுகள்

நன்னடத்தைச் சட்டத்தை வெளியே நிறுத்திய என்.டி.பி.எஸ். சட்டம், தனக்கென்று இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. பிரிவு 39, குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்ட பிறகு திறக்கும் கதவு. போதைக்கு அடிமையானவர் ஒருவர் 27-ஆம் பிரிவுக் குற்றத்திலோ சிறிய அளவு தொடர்பான குற்றத்திலோ குற்றவாளி என்று காணப்பட்டால், அவருடைய வயது, குணநலன், முன்வரலாறு, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைக் கருத்தில்கொண்டு, உடனே சிறைத்தண்டனை விதிப்பதற்குப் பதிலாக, அவருடைய சம்மதத்தோடு, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதற்காக விடுவிக்கலாம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலனைப் பற்றிய அறிக்கையோடு அவர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அறிக்கை நிறைவளித்தால், மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத பிணைப்பத்திரத்தின்பேரில் கண்டித்து விட்டுவிடலாம்.

பிரிவு 64-ஏ அதற்கு முன்பே திறப்பது. 27-இன்கீழோ சிறிய அளவுக்குற்றத்திலோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர், தானாக முன்வந்து சிகிச்சையை நாடி அதைப் பெற்றுக்கொண்டால், அவர்மீது வழக்குத் தொடரப்படுவதிலிருந்தே அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம்.

முதலாவது தண்டனையைத் தள்ளிவைக்கிறது. இரண்டாவது குற்றத் தீர்ப்பையே வரவிடாமல் தடுக்கிறது. இருபத்தோரு வயது மாணவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது எங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும், வழக்குகளின் நெருக்கடியில் அதைப் பயன்படுத்துவதில்லை.

இந்த ஏற்பாடு இந்தியாவின் தனிக் கருணையும் இல்லை. 1961-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கையை 1972-இல் திருத்தியபோதே, போதைக்கு ஆளானவர் இழைக்கும் குற்றங்களில் தீர்ப்புக்கோ தண்டனைக்கோ மாற்றாகச் சிகிச்சை, கல்வி, மறுவாழ்வு ஆகியவற்றை நாடுகள் வழங்கலாம் என்று 36-ஆம் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், முதல்முறை வெறுமனே வைத்திருந்த குற்றத்துக்கு, குற்றத் தீர்ப்பைப் பதிவு செய்யாமலேயே ஓராண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்து வழக்கைத் தள்ளுபடி செய்ய இடமிருக்கிறது. அதற்கு அவர் போதைக்கு அடிமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. போர்ச்சுகல் 2001 ஜூலை முதல், பத்து நாள் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்தே எடுத்து, சட்டம், மருத்துவம், சமூகப்பணி ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள் அமரும் குழுக்களின் பொறுப்பில் விட்டது. அங்கே குழு முதலில் கேட்கும் கேள்வி, வந்திருப்பவர் அடிமையானவரா இல்லையா என்பதே. இல்லை என்றாலும் அவருக்குக் குற்றவியல் தீர்ப்பு கிடையாது. நம் சட்டமும் அதே கேள்வியைக் கேட்கிறது. ஆனால் ‘இல்லை’ என்று பதில் சொல்பவருக்குத்தான் தண்டனை.

முதல் எதிரி

அவர் ஒன்பது நாட்கள் நீதிமன்றக் காவலில் இருந்தார். சிறிய அளவு வழக்கு ஜாமீனில் விடத்தக்கதா என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே ஒத்த கருத்து இல்லாத நிலையில், அந்த ஒன்பது நாட்களைக் குறைக்க என்னால் முடியவில்லை. பிறகு அந்த நாட்களே அவருக்குக் கைகொடுத்தன. சிறைக்குள் போன இரண்டாம் இரவு முதல் அவருக்குத் தூக்கம் வரவில்லை, வியர்த்துக் கொட்டியது, சாப்பாட்டை மூன்று நாட்கள் தொடவில்லை, அறையில் இருந்தவரோடு சண்டை போட்டிருக்கிறார். சிறை மருத்துவர் இதை வெளிநோயாளர் பதிவேட்டில் இரண்டு வரிகளாக எழுதி, இரவில் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார். ஜாமீனில் வந்த அன்று அவருடைய அம்மா தன் துணிப்பையிலிருந்து பிள்ளையின் உடைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சீட்டு நான்காக மடித்துக் கீழே விழுந்தது. “இது மருந்துச் சீட்டுதானே வக்கீலம்மா, இனி தேவைப்படாதே” என்று கேட்டார். கஞ்சாவைத் திடீரென்று நிறுத்தும்போது முதல் ஓரிரு நாட்களில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்தை அடையும் விலகல் அறிகுறிகளை, வழக்கு என்ற எண்ணமே இல்லாமல் ஓர் அரசு மருத்துவர் பதிவு செய்த சான்று அது. அதைவிட நல்ல ஆவணம் எனக்கு அந்த வழக்கில் கிடைக்கவில்லை.

அடிமையானவர் என்பதற்கு இந்தச் சட்டம் தரும் வரையறை மிகச் சுருக்கமானது: ஏதேனும் ஒரு போதைப்பொருளை அல்லது மனமயக்கப் பொருளைச் சார்ந்திருப்பவர். சார்ந்திருத்தல் என்றால் என்ன என்பதை மருத்துவம்தான் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் அதற்கு ஆறு அளவுகோல்கள் உள்ளன. அடக்க முடியாத வேட்கை, அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, நிறுத்தினால் வரும் விலகல் அறிகுறிகள், அதே விளைவுக்கு மேலும் மேலும் தேவைப்படுதல், மற்ற விருப்பங்கள் உதிர்ந்துபோதல், கேடு தெரிந்த பின்னும் தொடர்தல். கடந்த ஓராண்டில் இவற்றில் மூன்று சேர்ந்து காணப்பட்டால் சார்புநிலை. ‘கஞ்சாப் பழக்கம் உள்ளவர்’ என்று ஒரு வரி எழுதிய சான்றிதழை எந்த நடுவரும் ஏற்கத் தயங்குவார், ஏற்கவும் கூடாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இந்த ஆறையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, அம்மாவிடம் தனியாகவும் கேட்டு எழுதினார்கள். பள்ளிக் காலம் முழுவதும் கபடி அணியில் இருந்த பிள்ளை ஒன்றரை வருடமாக மைதானத்துக்கே போகவில்லை என்பதும், இரண்டு முறை போனை விற்றிருக்கிறார் என்பதும், தூங்குவதற்கே புகைக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தார் என்பதும் அப்போதுதான் எனக்கும் தெரிந்தன.

மூன்று வாரம் உள்நோயாளராகவும், பிறகு பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வெளிநோயாளராகவும் சிகிச்சை நடந்தது. கஞ்சாச் சார்புக்கென்று தனியான மருந்து கிடையாது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில நாட்கள் மருந்து கொடுத்துவிட்டு, எஞ்சியதைப் பேச்சுவழிச் சிகிச்சையால்தான் செய்ய வேண்டும்.

குற்றப்பத்திரிகை ஜூன் மாதம் தாக்கலானதும் 64-ஏ மனுவைப் போட்டேன். மனுவோடு சேர்க்கும் பிரமாண வாக்குமூலத்தை எழுதுவதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ‘நான் கஞ்சாவுக்கு அடிமை, என்னிடமிருந்து எடுத்த கஞ்சா என் சொந்த உபயோகத்துக்கு’ என்று உருக்கமாக எழுதிவிட்டு, பிறகு மனு தள்ளுபடியானால், அந்த வரியே எதிரியின் ஒப்புதலாக எதிரே வந்து நிற்கும். ஆகவே கைப்பற்றப்பட்ட பொருளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், மருத்துவர் கண்டறிந்த நோய்நிலை, சிகிச்சை தொடங்கிய நாள், தொடர விரும்பும் சம்மதம் ஆகிய மூன்றை மட்டும் சொல்லும்படி எழுதினேன். 39-ஆம் பிரிவுக்குப் போக வேண்டுமென்றால் குற்றவாளி என்று காணப்பட்டாக வேண்டும். 64-ஏ-க்கு அது தேவையில்லை. தேவையில்லாததைக் கொடுக்கவும் கூடாது.

அரசு உதவி வழக்கறிஞர் மூன்று ஆட்சேபங்களை எழுப்பினார். பிடிபட்ட பிறகு மருத்துவமனைக்குப் போவது தானாக முன்வருதல் ஆகுமா என்பது முதலாவது. அதற்குப் பதில் பிரிவின் சொற்களிலேயே இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் என்றே அது தொடங்குகிறது. பிடிபடாதவரைப் பற்றி அது பேசவே இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் ஒரு சிறிய ஆய்வகச் சீட்டைப் பற்றியது. சிகிச்சையின் 19-ஆம் நாளில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சாவுக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்திருந்தது. உள்நோயாளராக இருக்கும்போதே புகைத்திருக்கிறார், சிகிச்சை வெறும் நாடகம் என்று வாதிட்டார்கள். கஞ்சாவின் மூலப்பொருள் உடலின் கொழுப்பில் தங்கிச் சிறிது சிறிதாக வெளியேறுவதால், நீண்ட நாள், நாள்தோறும் புகைத்தவர்களின் சிறுநீரில் நிறுத்திய சில வாரங்கள் வரை அது தென்படலாம் என்பதை மருத்துவர் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்தார். நடுவர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “இதை ஏன் யாரும் இதுவரை எங்களிடம் சொன்னதில்லை?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்படி ஒரு சீட்டால் அதற்கு முன் எத்தனை பேர் சிகிச்சையிலிருந்து விலக்கப்பட்டார்களோ என்ற எண்ணம் வராமல் இல்லை.

மூன்றாவதுதான் கடினமானது. சிகிச்சையின் ஐந்தாம் மாதம், ஒரு திருமண வீட்டு இரவில், அவர் மீண்டும் ஒருமுறை புகைத்துவிட்டார். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவரே அடுத்த வாரம் மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் அதைச் சறுக்கல் என்று குறித்துக்கொண்டு, வருகையைப் பதினைந்து நாளிலிருந்து வாரம் ஒருமுறையாக மாற்றினார். நீதிமன்றத்துக்குப் போன அறிக்கையில் இதுவும் இருந்தது. அறிக்கையைப் பார்த்த அம்மா, “உண்மையைச் சொன்னதுக்கா ஜெயிலுக்குப் போகணும்?” என்று என்னிடம் கேட்டார்.

இந்த இடத்தில்தான் 39-க்கும் 64-ஏ-க்கும் உள்ள இன்னொரு வேறுபாடு எனக்கு முழுதாகப் புரிந்தது. 39-இன்கீழ் எழுதும் பிணைப்பத்திரம், நான்காம் அத்தியாயத்தில் சொல்லப்பட்ட எந்தக் குற்றத்தையும் செய்வதில்லை என்ற உறுதிமொழி. உட்கொள்வதைக் குற்றமாக்கும் 27-ஆம் பிரிவும் அந்த அத்தியாயத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே அங்கே ஒரு சறுக்கல், உறுதிமொழியை மீறிய புதிய குற்றம். 64-ஏ-இன் நிபந்தனை வேறு வகையானது. சிகிச்சையை முழுமையாகப் பெறாவிட்டால் மட்டுமே பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். முழுமை என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை தருபவர். சறுக்கலை நோயாளியே மருத்துவரிடம் சொல்வது சிகிச்சை நடந்துகொண்டிருப்பதற்கு அடையாளம், அது முறிந்துபோனதற்கு அடையாளமாகாது என்று நான் வாதிட்டேன். சார்புநிலை, திரும்பத் திரும்பத் தலைகாட்டக்கூடிய நோய். முதல் சறுக்கலில் கதவை மூடிவிடும் ஏற்பாடு, அடுத்தமுறை நோயாளியை மருத்துவரிடம் பொய் சொல்லத்தான் பழக்கும்.

ஓபியம் வகைப் போதைக்கு ஆளானவர்களுக்கு இந்த ‘முழுமை’ இன்னும் பெரிய கேள்வி. அவர்களில் பலருக்கு, வேட்கையையும் விலகல் அறிகுறிகளையும் தணிக்கும் புப்ரினார்ஃபின் மருந்தை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். அவசரப்பட்டு நிறுத்தினால், உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும் நிலையில் பழைய அளவை எடுத்து உயிரிழக்கும் ஆபத்து உண்டு. ஓராண்டுக்குள் அறிக்கை வேண்டும் என்பதற்காக மருந்தை முடித்துவைக்கச் சொல்லும் வழக்கறிஞர், தன் கட்சிக்காரரின் உயிரோடு விளையாடுகிறார்.

டிசம்பரில் நடுவர் மனுவை ஏற்றார். இது ஓராண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய சம்மன் வழக்கு என்பதால், 64-ஏ-வோடு அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 258-ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்து, நடவடிக்கையை நிறுத்தி உத்தரவிட்டார். உத்தரவில் சறுக்கலைப் பற்றி ஒரே வாக்கியம்தான் இருந்தது: அது மருத்துவர் கவனிக்க வேண்டிய விஷயம்.

பத்து மாதம் நீண்ட காலம்தான். ஆனால் 2001-இல் மும்பையில் கொக்கெயின் வழக்கில் கைதான ஓர் இந்தித் திரைநடிகர், சிகிச்சை பெற்று, இதே பிரிவின்கீழ்ப் பாதுகாப்பைப் பெற்றது 2012-இல் என்பதை நினைத்தால், எங்கள் நடுவர் அந்தக் கோப்பைத் தேங்கவிடாமல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாம் எதிரி

ஜூலை மாதத்தின் அந்த முதல் வாய்தாவில் நானும் அதே அறையில்தான் இருந்தேன். “ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும் தம்பி, இல்லேன்னா ரெண்டு வருஷம் அலையணும்” என்று அவரிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேம்பஸ் நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கிடைப்பதும் சிக்கல். அபராதம் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு, மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போனார்கள். முதல் எதிரியின் அம்மா என் பக்கம் திரும்பி, நாமும் அப்படியே செய்திருக்கலாமே என்பதுபோல் பார்த்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணிக்குத் தேர்வாகியிருந்தார்; கையில் சரிபார்ப்புப் படிவம். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று அதில் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். இந்தியாவில் பெரியவர்களின் குற்றப் பதிவை அழிப்பதற்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரும் பாதுகாப்பு, அதைத் தாண்டியவர்களுக்குக் கிடையாது. அதனால் முதல் எதிரியும் இதே படிவத்தில் முதல் இரண்டு கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். மூன்றாவதற்கு மட்டும் ‘இல்லை’ என்று எழுதி, உத்தரவின் நகலை இணைக்கலாம். 64-ஏ கொடுப்பது அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவு’ இந்த இளைஞரிடம் இல்லை.

அவருக்கு நான் ஆஜராகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவர் நேரடியாகவே கேட்டார். நேர்மையான பதில் சுகமானதாக இல்லை. அவர் சார்புநிலையில் இல்லை. ஆறு அளவுகோல்களில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தாது. எனவே 64-ஏ இல்லை, 39-உம் இல்லை. வழக்கு 20-இல் பதிவானதால் நன்னடத்தைச் சட்டமும் இல்லை. அடிமையானதாகப் பொய்ச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கும் இடங்கள் உண்டு. அந்த வழிக்கு நான் போகமாட்டேன். அது பொய் என்பதோடு, உண்மையான நோயாளிகளின் மனுக்களையும் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கக் காரணமாகிவிடும். ஆகவே எனக்கு இருந்திருக்கும் ஒரே வழி, வழக்கை விசாரணைக்குக் கொண்டுபோய், மாதிரி எடுத்ததில், எடை போட்டதில், சாட்சிகளில் குறை காண்பது.

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, பாங்கு உள்படக் கஞ்சாச் செடியிலிருந்து வரும் பொருள்களில் ஏதாவது ஒன்றை ஓராண்டுக்குள் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர். அவர்களில் சிகிச்சை உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கலில் இருப்பவர்கள் சுமார் 72 லட்சம். எஞ்சியவர்கள், அதாவது நான்கில் மூன்று பேர், இந்த இரண்டாம் எதிரியைப் போன்றவர்கள். பாங்கு இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்பதைக் கழித்தாலும், கஞ்சாவோடு பிடிபடும் முதல்முறையினரில் பெரும்பாலோர் மருத்துவமனைக்குத் தேவையில்லாதவர்கள் என்ற படம் மாறுவதில்லை. நோயாளிக்கு இரக்கம் காட்டும் சட்டம், நோயாளியாகாதவருக்கு அதைவிடக் கடுமையாக இருப்பதற்கு எந்த நியாயத்தையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. 33-ஆம் பிரிவில், 26, 27 என்ற எண்களோடு ‘சிறிய அளவு தொடர்பான குற்றங்கள்’ என்ற சொற்களையும் சேர்த்தால், இந்த இளைஞருக்கும் நன்னடத்தைச் சட்டத்தின் கதவு திறந்திருக்கும். 39-லும் 64-ஏ-விலும் ஏற்கெனவே இருக்கும் அதே சொற்கள்தான் அவை.

இப்போது செய்வதற்கு இரண்டு வேலைகள் இருந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனைக்கு, அதன் அளவையோ சட்டப்பூர்வத்தையோ தவிர வேறு எதையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. சான்றிட்ட நகலை வாங்கிப் பார்த்தபோது, முன்பே அச்சடித்த தாளில் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்ற ஒற்றை வரியும் அதன்கீழ்க் கையெழுத்தும் மட்டும் இருந்தன. சம்மன் வழக்கில் எதிரியின் ஒப்புதலை முடிந்தவரை அவருடைய சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 252-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அடிப்படையில், காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு சீராய்வு மனுவைத் தாக்கல் செய்தோம். அது நிலுவையில் இருக்கிறது. வெற்றி கிடைக்கும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது வேலை அந்தப் படிவம். அவருடைய மாமா, எதையும் எழுதாமல் விட்டுவிடச் சொல்லியிருந்தார். உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் சொன்னதை விளக்கினேன். மறைத்தது பிறகு தெரியவந்தால், மறைத்ததே நீக்குவதற்குக் காரணமாகலாம். உண்மையைச் சொன்னவரின் வழக்கு இளம் வயதில் நடந்த அற்பமானதாக இருந்தால், நிறுவனம் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். கட்டாயம் விட வேண்டும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. அதையும் சொன்னேன்.

என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். மூன்று இடங்களிலும் ‘ஆம்’. வழக்கு எண், நீதிமன்றம், அபராதத் தொகை, ரசீது எண். பிரிவு என்ற கட்டத்தில் 20 என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். “மேடம், அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற பி, ரெண்டு, ஏ எல்லாம் போடணுமா? இடம் பத்தலை.” பக்க ஓரத்திலாவது போடச் சொன்னேன். 20 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது 20 கிலோ கடத்தியவரின் பிரிவும்கூட. அவர் வைத்திருந்தது சிறிய அளவு என்று அந்தப் படிவம் முழுவதிலும் சொல்லக்கூடியது கடைசியில் வரும் அந்த ‘ஏ’ ஒன்றுதான்.